குளிர்காலத்தில் வீட்டுச் செடிகள்: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

கோடை முழுக்கத் தளதளவென்று நின்ற செடி. குளிர் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும்; இலைகள் ஒவ்வொன்றாகப் பழுக்கும், தண்டு துவளும், ஒருநாள் காலையில் பார்த்தால் தொட்டியின் விளிம்பில் சாய்ந்து கிடக்கும். செடி வளர்க்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் இது பலருக்கும் நடக்கிறது. குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். போடுவதற்கு முன்னால் அதைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நான் இழந்த முதல் செடி ஒரு பீஸ் லில்லி. இலைகள் தொங்கியதும் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னும் ஊற்றினேன். ஒரு வாரம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தபோது மண் சொதசொதவென்று ஒரே கட்டியாக வந்தது. குட்டைத் தண்ணீரின் நாற்றம். வெள்ளையாக, விறைப்பாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பேறிக் கொழகொழத்திருந்தன. ஒன்றை விரல்நுனியால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறை கழல்வதுபோல் கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஓர் இழை மட்டும் மிச்சமிருந்தது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே தண்ணீர் குடிக்க முடியாமல் அந்தச் செடி செத்திருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலம் பார்த்துவிட்டேன். வீட்டுக்குள் இருக்கும் செடி குளிரில் விறைத்துச் சாவதைவிட ஈரத்தில் அழுகிச் சாவதையே அதிகம் பார்க்கிறேன். வெளிச்சம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீரும் குறைய வேண்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

செடிக்கு உள்ளே என்ன நடக்கிறது

நாம் வீட்டுக்குள் வளர்க்கும் மணி பிளான்ட், மான்ஸ்டெரா, கலாத்தியா, பீஸ் லில்லி எல்லாம் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வந்தவை. அங்கே பெரிய மரங்களின் நிழலில், வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு பகலும் சூடும் ஈரமும் கிடைக்கும். குளிர்காலம் என்ற ஒன்றையே அவை அறியாது. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போகத்தான் குளிர்காலத்துப் பகல் சுருங்குகிறது. 50 டிகிரி அட்சரேகையில் கோடையின் மிக நீண்ட பகல் 16 மணி நேரத்துக்கும் சற்று அதிகம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் 8 மணி நேரம்தான். சரிபாதி. அந்த 8 மணி நேரமும் சூரியன் தாழ்வாகவே நகரும், மேகமும் மறைக்கும்.

வெளிச்சம் குறைந்தால் இலை தயாரிக்கும் சர்க்கரை குறைகிறது, வளர்ச்சி மந்தமாகிறது. இலைத்துளைகள் வழியாக வெளியேறும் நீராவி குறைவதால், வேர் மண்ணிலிருந்து இழுக்கும் தண்ணீரும் குறைகிறது. கோடையில் நான்கு நாளில் காய்ந்த அதே தொட்டி இப்போது பன்னிரண்டு நாளானாலும் ஈரமாக இருக்கும். நாமோ கைப்பழக்கத்தில் நான்கு நாளுக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டே இருப்போம்.

வேருக்கு ஆக்சிஜனும் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அந்தக் காற்று நிற்கிறது. இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பியே இருந்தால் வேர் மூச்சு முட்டிப் போகும். நலிந்த வேரில் பித்தியம் போன்ற அழுகல் நுண்ணுயிரிகள் ஏறிவிடும். வேர் அழுகினால் தண்ணீர் மேலே போகாது, இலை தொங்கும். தொங்கும் இலையைப் பார்த்தால் தாகம் போலவே இருக்கும். என் பீஸ் லில்லி விஷயத்தில் நடந்தது இதுதான்.

குளிர் வருவதற்கு முன்

பால்கனியிலோ வாசலிலோ செடிகள் இருந்தால், இரவு வெப்பநிலை 12, 13 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே உள்ளே எடுங்கள். உறைபனி வரும்வரை காத்திருக்கக் கூடாது. வெப்பமண்டலச் செடிகளுக்கு உறைநிலைக்கு மேலேயே அடி விழும். 10 டிகிரிக்குக் கீழே சில இரவுகள் நின்றாலே இலைகளில் நீர் கோத்ததுபோல் கருந்திட்டுகள் வரலாம். அக்லோனீமா இதில் மிகவும் மென்மையானது, அதை எல்லாவற்றுக்கும் முதலில் எடுப்பேன்.

உள்ளே கொண்டுவரும்போது நேராக மற்ற செடிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். இலையின் அடிப்பக்கம், தண்டும் இலைக்காம்பும் சேரும் கவை, தொட்டியின் அடித்துளை மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். செடியை மெல்லிய ஷவரில் கழுவி, இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள். ஒரே ஒரு மாவுப்பூச்சி உள்ளே வந்தாலும் குளிர்காலம் முடிவதற்குள் அறை முழுக்கப் பரவிவிடும். வெளியே அதைத் தின்ன வேறு பூச்சிகள் உண்டு, வீட்டுக்குள் யாரும் இல்லை.

வெளியிலிருந்து உள்ளே வரும் செடி கொஞ்சம் இலை கொட்டும். செம்பருத்தி, கறிவேப்பிலை, ஃபைகஸ் பெஞ்சமினா மூன்றும் அதிகமாகக் கொட்டும். திடீரென்று வெளிச்சம் குறைந்ததும், அந்த வெளிச்சத்தில் காப்பாற்ற முடியாத இலைகளைச் செடி விட்டுவிடுகிறது. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

எங்கே வைப்பது

குளிர்காலத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைப்பதே சரி. வெளிச்சம் ஜன்னலிலிருந்து தள்ளத் தள்ள மிக வேகமாகக் குறைகிறது. இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி வைத்த செடிக்கு ஜன்னலோரச் செடிக்குக் கிடைப்பதில் சிறு பங்குதான் கிடைக்கும். நம் கண் இருட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. கோடையில் அறை நடுவில் நன்றாக இருந்த செடியையும் இப்போது ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்குத் தெற்கு பார்த்த ஜன்னல், தென்பாதியில் இருப்பவர்களுக்கு வடக்கு பார்த்த ஜன்னல். கோடையில் இலையைச் சுட்டுவிடும் அந்த நேர்வெயில், குளிர்காலத்தில் தாழ்ந்து சாய்ந்து வருவதால் பெரும்பாலான செடிகளுக்கு நல்லதே செய்யும்.

ஜன்னல் கண்ணாடியைத் துடையுங்கள். இலைகளையும் துடையுங்கள். ரப்பர் செடி, மான்ஸ்டெரா போன்ற அகன்ற இலைகளின் மேல் படியும் தூசி வெளிச்சத்தைத் தடுக்கும். ஒரு கையால் இலையை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் காம்பிலிருந்து நுனியை நோக்கித் துடைத்தால் போதும். பளபளப்புக்கு என்று எண்ணெயோ மெருகுத் திரவமோ தடவ வேண்டாம், இலைத்துளை அடைபடும். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பிவையுங்கள். இல்லாவிட்டால் செடி கண்ணாடிப் பக்கமே சாய்ந்து வளரும்.

ஜன்னலோரத்தில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. இலை கண்ணாடியைத் தொடக் கூடாது. இரவில் கண்ணாடி அறையைவிட வெகுவாகக் குளிர்ந்துவிடும், தொட்ட இடம் கருகும். இரவு திரைச்சீலையை இழுக்கும்போது செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளக் கூடாது. அறையின் சூடு திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், செடி அந்தப் பக்கம் நடுங்கும். மூன்றாவது, ஜன்னலுக்கு நேர் கீழே அறையைச் சூடாக்க வைத்திருக்கும் ரேடியேட்டர். அதன் மேல் பலகையில் தொட்டியை வைத்தால் அடியில் சூடும் மேலே குளிரும் மாறி மாறித் தாக்கும், வேர் வெந்து இலை ஓரம் காயும். ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். அடிக்கடி திறந்து மூடும் வாசல் கதவுக்கு எதிரிலும், ஹீட்டர் காற்று நேராக வீசும் இடத்திலும் வைக்க வேண்டாம். பகலில் 18 முதல் 24 டிகிரி, இரவில் 15 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலான செடிகள் சௌகரியமாக இருக்கும்.

ஜன்னலே இல்லாத அறை, அல்லது வெயிலே நுழையாத ஜன்னல் என்றால் எல்ஈடி வளர்ப்பு விளக்கு ஒன்று வாங்குவது நல்ல செலவு. வெள்ளை ஒளி தரும் முழு நிறமாலை விளக்கே போதும். ஊதாவாக ஒளிரும் விளக்கை வீட்டுக்குள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இலைக்கு மேலே 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிய வேண்டும். கையால் போட்டு அணைப்பதை நம்ப வேண்டாம், டைமரில் மாட்டிவிடுங்கள். இரவு முழுக்க எரிய விடுவதும் தவறு, செடிக்கும் இருட்டு வேண்டும். விளக்கின் கீழ் இருக்கும் செடி மற்றவற்றைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்ணீர்

இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் கிழமைக் கணக்கை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்ணீர் என்ற வழக்கம் கோடையில் எப்படியோ ஓடிவிடும், குளிர்காலத்தில் ஓடாது. கிழமை பார்க்கலாம், மண்ணைச் சோதிப்பதற்காக மட்டும். சோதித்த பிறகு ஊற்றாமல் நகர்ந்துவிடுவதே பாதி நாட்களில் சரியான முடிவாக இருக்கும்.

சோதிக்க எளிய வழி விரல். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு மறையும்வரை மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் ஹீட்டர் காற்றில் சீக்கிரம் காய்ந்து வெளுத்துவிடும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது; இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஈரம் அப்படியே இருக்கலாம். பெரிய தொட்டி என்றால் மெருகு பூசாத மரக்குச்சி ஒன்றை ஆழமாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி நிறம் கறுத்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் இருக்கிறது.

எனக்குப் பிடித்த வழி, தூக்கிப் பார்ப்பது. நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மிச்சம் வடிந்த பிறகு தொட்டியை இரண்டு கையாலும் தூக்குங்கள். அந்தக் கனத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அதே மாதிரி தூக்குங்கள். கனம் இறங்கிக்கொண்டே வரும். ஒருநாள் கையில் எடுத்ததும் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும் அளவுக்கு லேசாக இருக்கும். அன்றைக்கு ஊற்றினால் சரியாக இருக்கும். ஒரு மாதம் இப்படிச் செய்தால் கை தானாகவே சொல்ல ஆரம்பித்துவிடும். மண்ணில் செருகிப் பார்க்கும் மலிவான ஈரமானிகளை நான் பயன்படுத்துவதில்லை. மண் வழியாக மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்தே அவற்றில் பல ஈரத்தைக் கணிக்கின்றன. உர உப்பு படிந்த மண்ணில் காய்ந்திருந்தாலும் ஈரம் என்று காட்டும்.

ஊற்ற வேண்டிய நாள் வந்துவிட்டால் தயங்காமல் முழுதாக ஊற்றுங்கள். குளிர்காலம்தானே என்று தினம் அரை டம்ளர் ஊற்றுவது இரண்டு வகையில் கெடுதல்: மேல்மண் எப்போதும் ஈரமாகவும், அடிவேர் எப்போதும் வறண்டும் கிடக்கும், உப்புகளும் அடித்துக்கொண்டு போகாமல் மண்ணிலேயே தங்கும். அடித்துளை வழியாகத் தண்ணீர் வடியும்வரை சுற்றிலும் மெதுவாக ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குறைக்க வேண்டியது ஊற்றும் அளவை அல்ல, ஊற்றும் தடவைகளை; அதாவது இரண்டு முறைக்கு நடுவே உள்ள இடைவெளியை நீட்ட வேண்டும். துளையில்லாத அழகுத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைத்திருப்பவர்கள் அவசியம் வெளியே எடுத்துப் பாருங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்பது யாருக்கும் தெரியாமலே இருக்கும்.

குழாயிலிருந்து வரும் சில்லென்ற தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். முந்தின இரவே பிடித்து வைத்தால் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். ஆப்பிரிக்கன் வயலட் வைத்திருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீர் இலையில் பட்டால் வெளிறிய வளையங்கள் விழுந்து நிரந்தரமாகத் தங்கிவிடும். வீட்டில் தண்ணீரின் கடினத்தன்மை நீக்கும் கருவி இருந்தால், அதன் வழியாக வரும் தண்ணீரில் சோடியம் இருக்கும். அது செடிக்கு ஆகாது. ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா இரண்டிலும் இலை நுனி மட்டும் பழுப்பாகிக்கொண்டே வந்தால் குழாய்த் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடும் ஒரு காரணமாக இருக்கலாம், மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றிப் பாருங்கள்.

எந்தச் செடிக்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். தடித்த இலையோ கிழங்கோ உள்ள பாம்புச் செடி, இசட்இசட் பிளான்ட் போன்றவை மண் அடிவரை காய்ந்த பிறகும் ஓரிரு வாரம் பொறுக்கும். மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். மணி பிளான்ட், மான்ஸ்டெரா, ரப்பர் செடி இவற்றுக்கு மேல்பாதி மண் காய வேண்டும். பெரணி, கலாத்தியா, பீஸ் லில்லி மூன்றையும் முழுக்கக் காயவிடக் கூடாது, மேலே ஓர் அங்குலம் உலர்ந்ததும் ஊற்றலாம். இவை உத்தேசக் கணக்குகள்தான். ஹீட்டர் பலமாக ஓடும் அறையில் சின்ன மண்தொட்டி சீக்கிரம் காயும், குளிர்ந்த அறையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். விரலும் கையும் சொல்வதை நம்புங்கள்.

ஏற்கெனவே அழுக ஆரம்பித்துவிட்டதா? அப்போது மட்டும் குளிர்காலத்திலும் தொட்டி மாற்றலாம். செடியை உருவி, பழைய மண்ணை உதறி, கொழகொழத்த வேர்களை எல்லாம் சுத்தமான கத்தரியால் நறுக்கிவிடுங்கள். மிஞ்சிய வேருக்குத் தகுந்த சின்னத் தொட்டி, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைப் பாறைத் துகள்) கலந்த புதிய காற்றோட்டமான மண்கலவை, ஒரே ஒருமுறை மிதமான தண்ணீர். பிறகு வெளிச்சமான இடத்தில் வைத்துக் காத்திருங்கள். மணி பிளான்ட் போன்ற கொடி என்றால் கணுவோடு இரண்டு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டுவையுங்கள். தாய்ச்செடி போனாலும் வாரிசு இருக்கும். கோடையைவிட வேர் விட அதிக நாள் எடுக்கும், அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

காற்றின் வறட்சி

ஹீட்டர் போட்டதும் உதடு வெடிக்கிறதே, அதே வறட்சிதான் இலை நுனிகளையும் கருக்குகிறது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 5 கிராம். 20 டிகிரியில் அதே காற்று 17 கிராம் வரை தாங்கும். வெளியே ஈரமாக இருந்த காற்று உள்ளே வந்து சூடாகும்போது நீராவியின் அளவு கூடுவதில்லை, தாங்கும் சக்தி மட்டும் மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஆகவே ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நம் செடிகளோ 50 சதவீதமும் அதற்கு மேலும் பழகியவை.

இலைமேல் தண்ணீர் தெளிப்பது பரவலான பழக்கம். அதனால் ஈரப்பதம் ஏறுவது சில நிமிடங்களுக்குத்தான், ஈரம் காய்ந்ததும் பழைய நிலைதான். இலைக்கவையில் தண்ணீர் தங்கினால் அழுகல் புள்ளிகளும் வரும். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைத்து மேலே தொட்டியை வைப்பது சிறிதளவு உதவும், அவ்வளவுதான். செடிகளை ஒன்றாகக் கூட்டி வைத்தால் ஒன்றின் நீராவி மற்றொன்றுக்குப் பயன்படும். இதற்குச் செலவே இல்லை. ஜன்னலுள்ள குளியலறை இருந்தால் பெரணிக்கும் கலாத்தியாவுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. உண்மையிலேயே வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் காற்றில் ஈரம் கூட்டும் கருவியான ஹியூமிடிஃபயர் ஒன்றுதான் வழி. பக்கத்திலேயே சின்ன ஈரப்பத அளவி ஒன்றை வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் குளிர்ந்த ஜன்னலில் தண்ணீர் கோத்துச் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அது வீட்டில் இருப்பவர்களுக்கு நல்லதல்ல. பாம்புச் செடி, இசட்இசட், கள்ளி வகைகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

காய்ந்த இலை நுனி மீண்டும் பச்சையாகாது. பார்க்கக் கஷ்டமாக இருந்தால் இலையின் வடிவத்தையொட்டிக் காய்ந்த பகுதியை மட்டும் கத்தரியுங்கள், பச்சையில் வெட்டு படாமல்.

உரம், தொட்டி மாற்றம், கத்தரிப்பு

மூன்றுக்கும் ஒரே பதில், இப்போது வேண்டாம். வளராத செடி உரத்தை எடுத்துக்கொள்ளாது. மண்ணில் உப்பாகத் தங்கி வேரைச் சுடும். மண்ணின் மேலோ தொட்டி விளிம்பிலோ வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் உப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று பொருள். மேலே அரை அங்குல மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த முறை தண்ணீர் ஊற்றும்போது நிறைய ஊற்றி வடியவிடுங்கள். வளர்ப்பு விளக்கின் கீழே புதுத் தளிர் விட்டுக்கொண்டிருக்கும் செடிக்கு மட்டும் கால்பங்கு அளவு நீர்த்த உரம் கொடுக்கலாம். பெரிய தொட்டிக்கு மாற்றும் ஆசை வந்தாலும் தள்ளிப்போடுங்கள். வேர் எட்டாத கூடுதல் மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மீண்டும் அழுகலில்தான் போய் முடியும்.

பூச்சிகள்

வறண்ட வெதுவெதுப்பான அறையை மிகவும் விரும்புவது சிலந்திப்பேன். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வெறும் கண்ணுக்குத் தூசி மாதிரி தெரியும். இலையின் மேல்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்மஞ்சள் புள்ளிகள் பொடிப்பொடியாக விழுந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து, இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த துகள்களை அசையாமல் பார்த்துக்கொண்டிருங்கள். தூசி அப்படியே கிடக்கும். அதில் ஒன்றிரண்டு மெதுவாக நகர ஆரம்பித்தால், அது சிலந்திப்பேன். விரலால் தேய்த்தால் செம்பழுப்பாகவோ பச்சையாகவோ கோடு விழும். இலைக்கவையில் மெல்லிய வலை தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் கூட்டம் பெருகிவிட்டது.

செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டி மண் நனையாமல் பார்த்துக்கொண்டு, இலையின் அடிப்பக்கத்தை ஷவரால் நன்றாகக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பைக் கலந்து, இலையின் இரண்டு பக்கமும் தெளியுங்கள். முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் செய்யுங்கள். ஒருமுறை போதாது. முட்டைகள் தப்பித்துப் பின்னால் பொரியும் என்பதால், ஐந்தாறு நாளுக்கு ஒருமுறையாக மூன்று நான்கு தடவை செய்தே ஆக வேண்டும். பாதியில் விடுபவர்களுக்குத்தான் மறுபடி மறுபடி வருகிறது.

மாவுப்பூச்சி பஞ்சுத் துணுக்குபோல் கவைகளில் ஒட்டியிருக்கும். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். செதில்பூச்சியை நகத்தால் சுரண்டிவிட்டு அதே ஆல்கஹாலால் துடைக்கலாம். மண்ணிலிருந்து சின்னக் கறுப்புக் கொசுக்கள் கிளம்பினால் அவை பூஞ்சைக் கொசுக்கள். அவற்றின் புழுக்கள் ஈரமான மேல்மண்ணில் வாழ்கின்றன, ஆகவே அதிகம் ஊற்றுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மேல்மண்ணை நன்றாகக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டையைச் செருகிவைத்தால் சில வாரத்தில் அடங்கும்.

விதிக்கு வெளியே உள்ளவை

கலேடியம் குளிரில் இலைகளை எல்லாம் இழந்து கிழங்காகப் படுத்துவிடும். செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். தண்ணீரை நிறுத்தி, 15 டிகிரிக்குக் குறையாத உலர்ந்த இடத்தில் தொட்டியோடு வைத்திருங்கள், சூடு திரும்பியதும் முளைக்கும். அலகேசியாவும் சில சமயம் இப்படிச் செய்யும்.

பாலைவனக் கள்ளிகளுக்கு 8 முதல் 12 டிகிரி உள்ள குளிர்ந்த, வெளிச்சமான இடமும், ஏறக்குறைய வறண்ட மண்ணும் கொடுத்து ஓய்வெடுக்கவிட்டால் வசந்தத்தில் பூக்கும். சூடான அறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் பூக்காமல் வெளிறி நீண்டு வளரும். கிறிஸ்துமஸ் கள்ளியும் கள்ளிக் குடும்பம்தான், ஆனால் பாலைவனச் செடி அல்ல. பிரேசிலின் மழைக்காடுகளில் மரக்கிளைகளில் தொற்றி வளர்வது அது, முற்றிலும் காயவிடக் கூடாது. தினமும் 13, 14 மணி நேரம் தொடர்ந்த இருட்டும் கொஞ்சம் குளிர்ச்சியும் சில வாரம் கிடைத்தால் மொட்டு வைக்கும். மொட்டு வந்தபிறகு இடம் மாற்றாதீர்கள், உதிர்த்துவிடும். பாயின்செட்டியாவின் மேலிலைகளும் நீண்ட இருட்டுக்குத்தான் சிவக்கின்றன. இரவில் அறை விளக்கு அதன்மேல் விழுந்தால்கூடச் சிவப்பு வராது.

சைக்ளமன் எல்லாவற்றுக்கும் தலைகீழ். அதற்குக் குளிர்காலமே வளரும் காலம். 10 முதல் 16 டிகிரிக்குள் உள்ள குளிர்ந்த ஜன்னலோரம் கொடுங்கள், தட்டில் தண்ணீர் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடுங்கள். கிழங்கின் தலையில் தண்ணீர் விழுந்தால் அழுகும்.

இலை உதிரும்போது

குளிர்காலத்தில் அடியிலிருந்து ஓரிரு பழைய இலைகள் மஞ்சளாகி விழுவது இயல்பு. கவலைப்பட வேண்டாம். பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரைப் பாருங்கள். மண் காய்ந்து தொட்டியின் சுவரைவிட்டு விலகி நின்றால் தாகம். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுத்து வடியவிடுங்கள். நுனி மட்டும் காய்ந்தால் பெரும்பாலும் காற்றின் வறட்சி. ஒரு பக்கம் மட்டும் கறுத்தால் கண்ணாடியோ குளிர்காற்றோ பட்டிருக்கிறது. தண்டு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி கூடி, புது இலை சின்னதாக வந்தால் வெளிச்சம் போதவில்லை. எதுவாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டு வாரம் பாருங்கள். இடம், தண்ணீர், மண் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்றும் தெரியாது, செடியும் திணறும்.

குளிர் விலகும்போது

பகல் நீள ஆரம்பித்த சில வாரங்களில் செடியின் நுனியைத் தினமும் பாருங்கள். சுருட்டிய புது இலை ஒன்று ஈர்க்குச்சி கனத்தில், மற்ற இலைகளைவிட வெளிர்பச்சையாகத் தலைநீட்டும். அதற்குப் பிறகு தொட்டி முன்பைவிடச் சீக்கிரம் லேசாவதையும் உங்கள் கை உணரும். தண்ணீரின் இடைவெளியை அப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். உரத்தை அரைப்பங்கில் தொடங்கலாம். தள்ளிப்போட்ட தொட்டி மாற்றத்தையும் கத்தரிப்பையும் இப்போது செய்யலாம்.

வெளியே கொண்டுபோக மட்டும் அவசரம் வேண்டாம். இரவு தொடர்ந்து 13 டிகிரிக்கு மேலே நிற்கட்டும். நான்கைந்து மாதம் மங்கலில் இருந்த இலை நேர்வெயிலில் ஒரே மதியத்தில் வெளுத்து எரிந்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பத்து நாள் பழக்கிவிட்டு, அதற்குப் பிறகு காலை இளவெயிலில் வையுங்கள்.